மாலை போடாத படம்

அக்கா எந்த வேஷம் கேட்டாலும் கட்டுவார். மாலை போட்ட படமாக மட்டும் நடிக்க மாட்டார்.

சினிமாவிலும் சீரியலிலும் கதாநாயகன் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குமே, அதைச் சொல்கிறேன். சந்தன மாலை, குங்குமப் பொட்டு, கீழே சிவப்பாக ஒரு சின்ன பல்பு. செத்துப்போன அம்மா. கதாநாயகன் வெளியே கிளம்பும்போது அதைக் கும்பிடுவான். தோற்றுப்போய் வந்தால் அதன் முன்னால் நின்று அழுவான். அந்தப் படத்தில் இருப்பது யாரோ ஒருவருடைய நிஜ முகம். ஒரு நாள் கூப்பிட்டு, நல்ல சேலை கட்டச் சொல்லி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் ஆள் தேவையில்லை. அக்காவுக்கு அகலமான நெற்றி, பெரிய கண்கள். பார்த்ததும் அம்மா என்று கூப்பிடத் தோன்றும் முகம். அதனால் இந்த வேலைக்கு அவரை அடிக்கடி கேட்டார்கள்.

"சாகச் சொல்லுங்க, சாவறேன். செத்துப்போனவளா இருக்கச் சொல்லாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களேக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதெப்படி அம்மணி ஒண்ணாகும்? சாவறதுக்கு ஒரு ஆளு வேணும். படத்துக்கு ஒரு ஆணி இருந்தாப் போதும்."

நாங்கள் சிங்காநல்லூரில் ஒரே லைன் வீட்டில் குடியிருந்தோம். நடுவில் ஒரு குழாய், சுற்றிலும் வீடுகள். நான் பத்தாவது வரை படித்தவள், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா முதல் தடவை துணியோடு வந்தபோதே அளவு சொல்வதற்கு முன்னால் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"இது மாரடிச்சு அழுகறதுக்கு. கையைத் தூக்கி அடிச்சா அக்குள் கிழியக் கூடாது. போன தடவை பொணத்து மேல விழறப்ப டர்ருன்னு கிழிஞ்சுபோட்டுது. பொணமே சிரிச்சுருச்சு."

நான் அக்குளில் ஒரு துண்டுத் துணி கூட வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு என் வீட்டு நடையிலேயே உட்கார்ந்து மாரில் அடித்து ஒரு ஒப்பாரி வைத்துப் பார்த்தார். குழாயடியில் இருந்தவர்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். "ஒண்ணுமில்லீங்க, ஜாக்கெட்டு நல்லாருக்குது" என்றார் அக்கா.

அன்றிலிருந்து ஷூட்டிங்குக்கு என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஊக்கு, நூல், சீப்பு எல்லாம் இருக்கும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பது என் வேலை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. யாராவது பேர் கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பேன்.

"எனக்கு அதுதான் வேணும்" என்பார் அக்கா. "நான் ஒருத்தி பேசறதே அவிங்களுக்குத் தாங்கல."

அவருடைய அப்பா மில் தொழிலாளி. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கோபம் மிஞ்சினால் மட்டும் அக்கா வாயில் தெலுங்கு வரும், அதனால் திட்டு வாங்கியவர்களுக்கு என்னவென்று புரியாது. கட்டியவரைப் பற்றி யாராவது கேட்டால், "அந்த சீன் முடிஞ்சுதுங்க" என்பார். ஒரே மகளை ஈரோட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்.

நாடகத்தில் நடித்த காலத்தைப் பற்றி அவராகவே நிறையச் சொல்வார். அதில் ஒன்றை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது. அவிநாசிப் பக்கம் ஒரு ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழா. நாடகக் கம்பெனி முதலாளிதான் கதாநாயகன். அவருக்கு அம்மா, அவரைவிட இளையவரான நம் அக்கா. மகன் மடியில் அம்மா சாக வேண்டும். செத்ததும் முதலாளி பக்கம் பக்கமாக அழுது வசனம் பேசுவார். அன்றைக்கு அக்கா செத்த விதத்தில் கூட்டம் அப்படியே அடங்கிப்போய், பிறகு "ஒன்ஸ்மோர்" என்று கத்தியிருக்கிறது. முதலாளி தன் அழுகையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து வசனத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து, "நீ கம்முனு இருப்பா! அந்தம்மா இன்னொருக்காச் சாகட்டும்!" என்றாராம்.

"அப்பறம் என்னங்க்கா பண்ணீங்க?"

"எந்திரிச்சுச் செத்தேன். மொதத் தடவை செத்த மாதிரி இல்லாம வேற மாதிரி. பாத்ததையே ஏன் பாக்கோணும் சனங்க?"

முதலாளிக்கு ஆத்திரம். அடுத்த ஊரில் அந்தக் காட்சியையே எடுத்துவிட்டார். அம்மா வெளியில் எங்கோ செத்துவிட்டதாக ஒரு ஆள் ஓடி வந்து சொன்னால் போதும் என்று மாற்றிவிட்டார். அந்த ஆள் ஓடி வந்து சேதியைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா மேடைக்குள் நடந்து போய் முதலாளி மடியில் விழுந்துவிட்டார்.

"வந்தவன் பாவம், 'அம்மா...'ன்னு சொல்லிட்டு நின்னுட்டான். நான் மெதுவா அவனுக்கு மட்டும் கேக்கற மாதிரி, 'வந்துட்டேன் கண்ணு, நீ போ'ன்னேன்."

சினிமாவிலும் அவர் மாறவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் ஷூட்டிங். அக்கா பிணமாகப் படுத்திருந்தார். பாடை, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. வெயில் ஏறி ஈ மொய்த்தது. இமை அசையவில்லை. ஷாட் முடிந்ததும் எல்லோரும் அடுத்த இடத்துக்குச் சாமான்களைத் தூக்க ஆரம்பித்தார்கள். அக்கா எழவில்லை.

மேனேஜர் வந்து குனிந்தார். "எந்திரிங்கம்மா, பாடை வேணும். அடுத்தது ஊர்வலம்."

"பூசணிக்காய் சுத்துங்க. அப்பறம் எந்திரிக்கறேன்" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

பிணமாகவோ சாகிற மாதிரியோ நடித்தால் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைப்பார்கள். அதோடு, நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அதையும் எடுப்பார்கள். படத்தில் அது வராது. கேமரா கடைசியாகப் பார்த்தது பிணத்தை அல்ல, சிரித்த முகத்தை என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதெல்லாம் பேர் பெற்றவர்களுக்குத்தான். அக்கா மாதிரி ஆட்களுக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

"அது பெரிய ஆர்ட்டிஸ்டுங்களுக்குச் செய்யறதும்மா" என்றார் மேனேஜர்.

"பெரிய ஆர்ட்டிஸ்ட் படுத்தா எமன் வருவான், நான் படுத்தா வரமாட்டானா? என்னைப் பாத்தா அவனுக்கும் துணை நடிகையாட்டத் தெரியுதா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. காலையில் பூஜைக்கு வாங்கிய பூசணிக்காயை அப்போதே உடைத்தாகிவிட்டது. கடைசியில் தோட்டத்து வீட்டுச் சமையலறையிலிருந்து, சாம்பாருக்கு நறுக்கியது போக மீதி இருந்த பாதி அரசாணிக்காயைக் கொண்டு வந்தார்கள்.

"பாதியை எப்படிம்மா சுத்தறது?"

"நானும் முழுசாவா செத்தேன்? சுத்துங்க."

அந்த மஞ்சள் பூசணிப் பாதியைச் சுற்றி உடைத்தார்கள். அக்கா எழுந்து பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, கேமராவுக்கு நேராக நின்று பல் தெரியச் சிரித்தார். என்னிடம் வந்து, "கழுத்து சுளுக்கிக்கிச்சு அம்மணி, தேய்ச்சு உடு" என்றார்.

பிறகு சீரியல் வந்தது. மருமகளைப் படாதபாடு படுத்தும் மாமியார் வேஷம். வருடக்கணக்கில் ஓடியது. எங்கள் லைன் வீட்டில் சாயங்காலம், பொழுதோட ஆனால் எல்லா வீட்டிலும் அக்கா குரல்தான். டிவியில் அவர் மருமகளைத் திட்டிக்கொண்டிருப்பார், நேரில் என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கடலை உரித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்வீட்டு அம்மா ஒருத்தர் அவரிடம் கொஞ்ச நாள் பேசாமலே இருந்தார். அந்த மருமகள் பெண்ணைப் பார்த்தால் அவருக்குத் தன் மகள் ஞாபகம் வருமாம்.

ஷூட்டிங் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு பங்களாவில் நடந்தது. கதாநாயகிக்குத் தனி வேன் உண்டு. அக்காவும், பக்கத்து வீட்டுக்காரி, வேலைக்காரி என்று வேஷம் கட்டுகிற மற்ற பெண்களும் தோப்பில் இருந்த மோட்டார் ரூமில்தான் சேலை மாற்ற வேண்டும். அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி மாற்றும்போது இன்னொருத்தி கதவில் முதுகைச் சாய்த்து நிற்பாள். பெரும்பாலும் நான்தான் நிற்பேன். ஒருநாள் லைட் தூக்குகிறவர் ஒருவர் வயர் எடுக்க வேண்டும் என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார். எனக்குக் குரல் வரவில்லை. உள்ளே இருந்த அக்கா பாதி கட்டிய சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். தெலுங்கில் ஏதோ சொன்னார். அந்த ஆள் போய்விட்டார்.

அக்கா அதே கோலத்தில் நேராக டைரக்டரிடம் போனார். "கதவுக்குத் தாப்பா போடுங்க கண்ணு. போட்டாத்தான் இனிச் சேலை மாத்துவேன். ஊட்டுல கட்டீட்டு வந்த சேலையோடவே எல்லா சீனும் நடிப்பேன். கல்யாணத்துக்கும் அதே சேலை, எழவுக்கும் அதே சேலை."

அரை நாள் வேலை நின்றது. மத்தியானத்துக்கு மேல் ஒரு ஆசாரி வந்து தாழ்ப்பாள் அடித்தார். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் அதைப் போட்டும் எடுத்தும் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் அக்காவுக்கு அழைப்பு வரவில்லை. கேட்டால், உங்கள் சீன் இப்போது இல்லை என்றார்கள். ஒருநாள் பொழுதோட வழக்கம்போல என் வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தோம். மருமகள் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சுவரில் அக்கா தொங்கினார். சந்தன மாலை, குங்குமம், கீழே சிவப்பு பல்பு. "அத்தை இப்படித் திடீர்னு மாரடைப்பு வந்து போயிட்டாங்களே" என்று மருமகள் அழுதாள்.

அக்கா உரித்துக்கொண்டிருந்த கடலையைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. விளம்பரம் வந்தது. அதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னைக் கேக்கவே இல்ல பாரு" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் முன்வீட்டு அம்மா வந்துவிட்டார். "ஏனுங்க்கா, போயிட்டீங்களாமா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே நீங்க?"

"எனக்கே நேத்துப் பொழுதோடதானுங்க தெரியும்" என்றார் அக்கா. அவர் போனதும் என்னிடம் திரும்பினார். "சாவறதுக்கு எந்த ஜாக்கெட்டு அம்மணி நல்லாருக்கும்?"

"மெரூன் போடுங்க்கா" என்றேன்.

உக்கடத்தில் பஸ் ஏறிப் போனோம். தென்னந்தோப்பு வாசலிலேயே மேனேஜர் மறித்தார். "அக்கா, உங்களுக்கு இன்னைக்கு வேலை இல்லீங்களே."

"தெரியுங் கண்ணு. எனக்கு உசுரே இல்லையே, வேலை எங்கிருந்து வரும்?"

உள்ளே போய், ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். படத்தைக் கழற்றினார். மாலையை உருவி அந்த ஆணியிலேயே மாட்டினார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு கூடத்துச் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். டைரக்டர் ஓடி வந்தார். வயது குறைந்தவர், அக்காவை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"அம்மா, அதைக் கழட்டுனா கன்டினியூட்டி போயிரும்மா. முந்தின சீன்ல சுவத்துல இருந்துதே."

"என்ற உசுரே போயிருச்சு. உங்க கன்டினியூட்டிக்கு என்ன வந்துது?"

"கம்பெனில முடிவு பண்ணிட்டாங்கம்மா. நான் என்ன செய்ய?"

"சாகடிங்க. வேண்டாங்கல. கதைன்னா ஆளு சாகத்தான் செய்யும். ஆனா என்ற சாவை நான்தான் நடிப்பேன். நான் தாப்பா கேட்டேன்னு, என்னை ஒரு ஆணில மாட்டிப்போட்டு முடிச்சுக்க முடியாது. கேமராவை வைங்க. செத்துக் காட்டீட்டுப் போறேன்."

"கதை தாண்டிப் போச்சும்மா."

"மருமகளைப் பழசை நெனச்சுப் பாக்கச் சொல்லுங்க. வாரம் பூரா நெனச்சுத்தானே பாக்கறா?"

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படி வம்பு பண்ணா இனி எந்தக் கம்பெனியும் கூப்பிடாதுங்க, பாத்துக்கோங்க."

"கூப்புடாட்டிப் போகுது. கூப்புடாமத்தானே கொன்னீங்க?"

மோட்டார் ரூமில் சேலை மாற்றுகிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள். யாரும் அங்கிருந்து போகவில்லை. கதாநாயகி வேனிலிருந்து இறங்கி வந்தாள். சென்னைப் பெண், சின்ன வயசு. கொஞ்ச நேரம் அக்காவின் மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"சார், நான் நினைச்சுப் பார்க்கறேன் சார். எடுங்க" என்றாள்.

டைரக்டர் வெளியே போய் யாரிடமோ போனில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து லைட்டைத் திருப்பச் சொன்னார். ஒரு பேப்பரில் வேகவேகமாக வசனம் எழுதி அக்காவிடம் கொடுத்தார். மாமியார் சாகும்போது மருமகளின் கையைப் பிடித்து, செய்த கொடுமைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அக்கா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மன்னிப்பு எதுக்குங்க நான் கேக்கோணும்? இத்தனை வருசமும் நீங்க எழுதிக் குடுத்ததைத்தானே பேசுனேன்? நீங்க வேணும்னா கேளுங்க."

"அப்ப என்னம்மா பேசுவீங்க?"

"ஒரு டம்ளர் காப்பி மட்டும் குடுங்க."

எடுத்தார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மருமகள் காப்பி கொண்டு வந்து தருகிறாள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பழைய அதே அதிகாரக் குரலில், "காப்பி ஆறிப்போச்சு. வேற போட்டுக் கொண்டா" என்றார். மருமகள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் போன வழியையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடிக்கவில்லை. தலை சாயவில்லை. கண் திறந்தபடியே இருந்தது, பார்க்கிறது மட்டும் எங்கோ நின்றுபோனது. நாற்காலிக் கையில் வைத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடி விட்டன. மருமகள் புதுக் காப்பியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். யாரும் சொல்லாமலே அவளுக்கு அழுகை வந்தது.

யாரும் கட் சொல்லவில்லை. நான் ஊக்கு டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில்தான் டைரக்டர் கட் சொன்னார்.

இந்த முறை அக்கா எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி ஏற்கெனவே முழுப் பூசணிக்காயோடு வந்து நின்றாள். சுற்றி உடைத்தார்கள். அக்கா எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார். எத்தனையோ ஷூட்டிங்கில் அவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன், இது வேறு. ஜெயித்த சிரிப்பு. கேமரா அசிஸ்டென்ட் பையன் ஒருவன் அதைத் தன் போனிலும் எடுத்தான். அக்காவிடம் இருந்தது பட்டன் போன் என்பதால் என் போனுக்கு அனுப்பினான்.

கிளம்பும்போது டைரக்டர் படத்தைக் கேட்டார். "செத்துட்டீங்களேம்மா, இப்பவாவது மாட்டலாமில்ல?"

"ஆணியும் மாலையும் உங்குளுது. வெச்சுக்குங்க" என்றார் அக்கா. "மூஞ்சி என்னுது."

படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். உக்கடத்தில் இறங்கி ஒரு கண்ணாடிக் கடையில் போட்டோவை எடுத்துவிட்டு, அந்தச் சட்டத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி போட்டு வாங்கினார். அதற்கப்புறம் அதில் பார்த்துத்தான் பொட்டு வைத்துக்கொள்வார்.

அந்தக் காட்சி டிவியில் வந்தது. அக்கா தெருவில் நடந்தால், "காப்பி ஆறிப்போச்சுங்களா?" என்று கேட்காதவர் இல்லை. முன்வீட்டு அம்மா அழுதுகொண்டே வந்து, "மன்னிப்புக் கேக்காமலே போயிட்டீங்களேக்கா" என்றார். "அதான் நேர்ல இருக்கேனே, கேக்கட்டுமா?" என்றார் அக்கா. மேனேஜர் சொன்ன மாதிரியே அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. மற்றவர்களும் குறைத்துக்கொண்டார்கள். அக்கா அதைப் பற்றி வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. மூட்டு வலி அதிகமானதும் மகள் வந்து ஈரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது கண்ணாடியைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

சென்ற வருடம் மகள் போன் செய்தாள். காலையில் எழுப்பப் போனால் எழவில்லையாம். எனக்கு அப்போது காய்ச்சல், எடுத்த அன்று போக முடியவில்லை. காரியத்தன்றுதான் ஈரோட்டுக்குப் போனேன்.

வீட்டு வாசலில் பெரிய பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். மருமகனின் சினேகிதர்கள் இன்டர்நெட்டில் தேடி எடுத்து அடித்தது. அதில் இருந்தது அந்தச் சீரியல் படம். சந்தன மாலையும் குங்குமமும் சிவப்பு பல்பும் அப்படியே இருந்தன. அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை போல. அதன் மேல் நிஜ ரோஜா மாலை ஒன்றையும் போட்டிருந்தார்கள். உள்ளே கூடத்திலும் அதே படம்தான், சின்னதாகச் சட்டம் போட்டு.

ஒறம்பரை, சொந்தபந்தம் என்று கூடம் நிறைய இருந்தார்கள். எனக்கு யாரையும் தெரியாது. ஓரமாக உட்காரத்தான் போனேன். ஆனால் அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார முடியவில்லை.

"இதைக் கழட்டுங்க" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். பெரியவர் ஒருவர், "யாருங்க அம்மணி நீங்க?" என்றார்.

"ஜாக்கெட்டு தைக்கறவளுங்க. இதைக் கழட்டுங்க. இது அக்காளைக் கேக்காம மாட்டுன படம். அவிங்களே ஒருக்கா ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டிப்போட்ட படமுங்க."

நான் ஸ்டூலைத் தேடினேன். அதற்குள் மகள் வந்து கையை நீட்டித் தானே கழற்றினாள். அவளுக்கும் அந்தக் கதை தெரியும். "செத்த அன்னைக்கு யோசிக்கவே இல்லீங்க சித்தி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் போனை எடுத்து அந்தச் சிரிப்பைக் காட்டினேன். மருமகன் போனோடு கடைக்குப் போனார். மத்தியானத்துக்குள் படம் வந்துவிட்டது. மெரூன் ஜாக்கெட், பல் தெரிய ஜெயித்த சிரிப்பு. மாட்டியதும் பெரியவர் பழக்கத்தில் மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாலை பக்கத்து ஆணில இருக்கட்டுங்க" என்றேன். "மூஞ்சி அக்காளுது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அப்படியே மாட்டினார்.

அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தார்கள். மகள் ஒரு டம்ளர் காப்பி கொண்டு வந்து படத்தின் கீழே வைத்தாள். வந்தவர்கள் கும்பிட்டார்கள், சாப்பிடப் போனார்கள். நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் வந்து டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். படத்தை நிமிர்ந்து பார்த்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வேறு காப்பி போட்டுக் கொண்டு வந்தாள்.